சங்கிலியில் ஏழு ஊக்குகள்

எங்கள் ஆய்வகத்தின் வாசலில் ஓர் அலுமினியத் தட்டு வைத்திருந்தேன். உள்ளே வருகிறவர்கள் தம்மிடம் உள்ள இரும்பை எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அது நான் வைத்த சட்டம். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட், பேனா கிளிப், நகவெட்டி, திருப்புளி, குடை, செருப்பில் அடித்த ஆணி, டிபன் கேரியர் என்று ஒன்பது வகையைக் கணக்கெடுத்துக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். பத்தாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டிலேயே அது தினமும் என் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தும் தோன்றவில்லை.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளர். எண்பதுகளின் பாதியில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். தொண்ணூறுகள் பிறந்தபோது பல்கலைக்கழகம் மூன்று முறை நீட்டிப்புக் கொடுத்திருந்தது. மூன்றாவதோடு வந்த கடிதத்தில் "இதுவே இறுதி" என்ற சொற்களுக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். அடுத்த ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற வயது அல்ல.

ஆராய்ச்சி என்னவென்று உறவினர் கேட்கும்போதெல்லாம் அம்பத்தூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தைச் சொல்லித்தான் விளக்குவேன். மாலையில் இரண்டு பக்கமும் மின்சார ரயில் வந்து நின்றால் அந்தக் குறுகலான பாலத்தில் போகிறவரும் வருகிறவரும் முட்டிக்கொள்வார்கள். என் சட்டைப் பொத்தான்கள் அங்கே எத்தனை போயின என்று எனக்குத் தெரியும். ஆறு. போகிறவர் எல்லாரும் ஒரு சுவரை ஒட்டியும் வருகிறவர் எல்லாரும் எதிர்ச்சுவரை ஒட்டியும் நடந்தால் யாரும் யாரையும் திருப்பியனுப்ப முடியாது. நம் ஜனங்கள் அப்படி நடக்க மாட்டார்கள். எலக்ட்ரான்கள் நடக்கும். காந்தப்புலம் இருந்தால் போதும்.

குறைகடத்திப் படிகத்தில் மிக மெல்லிய அடுக்கு ஒன்றைச் செய்து, எலக்ட்ரான்களை அதற்குள்ளேயே ஓடவிட்டு, அந்த அடுக்கையும் குறுகலான ஒரு பட்டையாக அரித்துவிட்டால், அதுதான் பாலம். புலம் இல்லாதபோது எலக்ட்ரான்கள் நேராக ஓடும். கொஞ்சம் புலம் வைத்தால் பாதை வளையும். வளைந்து சுவரில் மோதி, பாதிப் பேர் வந்த வழியே திரும்புவார்கள், மின்தடை ஏறும். புலத்தை இன்னும் கூட்டினால் வளைவு சிறுத்து, பட்டையின் அகலத்துக்குள் அடங்கிவிடும். அப்போது ஒரு திசையில் போகிறவை ஒரு சுவரையும், எதிர்த்திசையில் வருகிறவை மற்றச் சுவரையும் தொட்டுத் தொட்டு நகரும். மோதிப் பின்வாங்குவது குறையும், தடை இறங்கும். ஏறி இறங்குகிற அந்தத் திமிலை வரைபடத்தில் காட்டவேண்டும். ஏறினால் மட்டும் போதாது. எத்தனையோ காரணத்தால் தடை ஏறும். இறங்கினால்தான் எலக்ட்ரான்கள் சுவரைப் பிடித்து நடக்கின்றன என்று சொல்லலாம்.

நகரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்த விஞ்ஞானி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததில் ஐந்து படிகத் துண்டுகளை எனக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவு. முதல் நான்கும் பட்டையாக அரிக்காதவை, அளந்து முடித்திருந்தேன். ஐந்தாவதில்தான் பட்டை இருந்தது. அதன் அகலம் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வேறு துண்டு கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

அந்தத் துண்டுகளில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பற்றவைத்தவர் என் துறையில் செய்முறை வகுப்பு எடுத்த ஆசிரியை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவருக்கு ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. இந்த வேலையை வைத்து அவரும் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்வதாக இருந்தார். என் கைகள் அப்போதே நடுங்கும். அவர் பற்றவைக்கும்போது நான் மூச்சைக்கூட மெதுவாக விடுவேன்.

இவ்வளவையும் கடும் குளிரில் செய்யவேண்டும். சாதாரண வெப்பத்தில் எலக்ட்ரான் வளைவதற்குள் எதிலாவது இடறிவிடும். திரவ நைட்ரஜனுக்கு நான் எங்கே போவேன்? பூந்தமல்லிப் பக்கம் ஒரு கால்நடை நிலையத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்து வைத்திருந்தார்கள். அதைக் குளிராக வைக்க அவர்களுக்கு நைட்ரஜன் வரும். அங்கிருந்த டாக்டர் மனமிரங்கி ஒரு கேன் நிரப்பித் தருவார். அந்தக் கேனைப் பேருந்தில் மடிக்கு நடுவே வைத்துக்கொண்டு வரவேண்டும். இறுக்கி மூடக்கூடாது, வெடித்துவிடும். மூடாவிட்டால் வெண்புகை வரும்.

அன்று காலையும் அப்படித்தான் வந்தேன். நடத்துநர் என் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா சார் கேன்ல? பொகையா வருது."

"நைட்ரஜன். காற்றில் இருப்பதுதான். குளிர வைத்தது."

"காத்தா? காத்துக்கு லக்கேஜ் இல்ல சார். கேனுக்கு கீது. எடுங்க."

பின் இருக்கையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "சாம்பிராணி மாரி கீது நைனா. அப்டியே வண்டிக்கு ஒரு சுத்து காட்டிடுங்க, டிரைவருக்கு நேரம் சரியில்ல."

பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகையாகப் போவது என் நைட்ரஜன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது குறைந்துகொண்டே இருந்தது.

ஆய்வகத்தில் இன்னொரு பயம், மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சொல்லிச் செய்தது. பெரிய சுருளில் ஓடும் மின்னோட்டம் சரக்கேற்றிய லாரி மாதிரி. சட்டென்று நிறுத்தினால் அவ்வளவும் பெட்டியின் மேல் வந்து மோதும். கரண்ட் போய்ப் போய் இரண்டு தடவை பெட்டி எரிந்திருந்தது. பெட்டியில் உள்ள குமிழை மெல்ல மெல்லத் திருப்பித்தான் மின்னோட்டத்தை இறக்கவேண்டும். இதை ஆய்வக அட்டெண்டருக்கு நான்கு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியை வந்ததும் வழக்கம்போல் கேட்டேன். "இரும்பு எதுவும் இல்லையே?"

"புடவைல ரெண்டு ஊக்கு இருந்திச்சு சார். எடுத்துட்டேன்."

தோள் முந்தானையில் ஊக்கு இல்லாததை நானும் பார்த்தேன். தட்டைப் பார்க்கவில்லை.

இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவையின் வால் இறங்கியிருக்கும். அதற்குள் நைட்ரஜன், நைட்ரஜனுக்குள் துண்டு. நான் குமிழைத் திருப்பினேன். அவர் மீட்டரைப் பார்த்துத் தடை எவ்வளவு என்று எண்ணைச் சொன்னார். நான் தாளில் புள்ளி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாவதற்கு அவர் சொன்ன எண் குறைவாக இருந்தது.

"இன்னொரு தடவை பாருங்க."

"அதேதான் சார்."

பதின்மூன்றாவது இன்னும் குறைவு.

"எறங்குது சார்," என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

"பேசாதீங்க. அடுத்தது."

குமிழைத் திருப்பினேன். குடுவையில் நைட்ரஜன் வற்றியிருந்ததால் அவர் கண்ணை மீட்டரில் வைத்தபடியே குனிந்து புனலில் ஊற்றப் போனார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் தலை முன்னால் இழுபட்டு நின்றது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பார்த்தேன். ரவிக்கைக்குள் இருந்த தாலிச் சங்கிலி குனிந்தபோது வெளியே ஊசலாடியிருக்கிறது. அதில் கொத்தாக ஊக்குகள். கொத்து முழுவதும் பறந்துபோய்க் காந்த முனைக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகிக்கொண்டுவிட்டது. புறா பொறித்த தங்கத் தாலி குடுவையின் மேல் தட்டிக்கொண்டு தொங்கியது. அவர் பின்னால் இழுத்தால் சங்கிலி அறும், அல்லது குடுவை உடையும். குடுவை உடைந்தால் துண்டு போயிற்று.

"அசையாதீங்க," என்று கத்தினேன். "அசையவே அசையாதீங்க."

"அசையல சார். மெதுவா எறக்குங்க."

நைட்ரஜன் புகை அவர் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. நான் குமிழை இறக்கத் தொடங்கினேன். அவசரப்பட்டால் பெட்டி போகும். அவசரப்படாவிட்டால் அவர் முகம் வெந்துவிடும். அந்தக் குளிரும் சுடத்தான் செய்யும். அவர் ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து, காதோரமாகத் தூக்கித் தலைவழியே கழற்றினார். அப்படியே காந்தத்தில் தொங்கவிட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். குடுவை முழுசாக இருந்தது.

"இப்ப நிதானமா எறக்குங்க சார்," என்றார்.

நான் கத்தியதைக் கேட்டு அட்டெண்டர் உள்ளே ஓடிவந்தார். அவர் பார்த்தது இரண்டுதான். வெறுங்கழுத்தோடு ஓர் அம்மாள், மிஷினில் தொங்கும் தாலி.

"ஐயையோ, இன்னா சார் இது? தாலிய இஸ்துகினு கீது."

"ஒன்றுமில்லை. நீ எதையும் தொடாதே."

"அது அறுக்கங்காட்டியும் நான் கரண்ட்ட அறுத்துடறேன் சார்."

சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தார். பெட்டிக்குள் 'டப்' என்றது. கருகல் வாடை வந்தது. ஊக்குக் கொத்து காந்தத்தை விட்டு நழுவி, சங்கிலி மேசையில் விழுந்தது. அட்டெண்டர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி அந்த அம்மாளிடம் நீட்டினார். பெரிய உதவி செய்த முகம்.

ஊக்குகளை எண்ணினேன். ஏழு.

"இரும்பு இல்லைன்னு சொன்னீங்களே."

"புடவைல இருந்தத எடுத்துட்டேன்னு சொன்னேன் சார். எடுத்ததச் சங்கிலில கோத்துட்டேன் போல. முன்னாடியே அஞ்சு கெடந்திருக்கு."

"தட்டு எதுக்கு வெச்சிருக்கு?"

"ஊக்கைக் கழட்டினா கை தானா அங்கதான் சார் போகும். உங்க வீட்ல கேட்டுப் பாருங்க."

கேட்டேன். என் மனைவியின் சங்கிலியில் நான்கு ஊக்குகளும் ஒரு காது குடைகிற குச்சியும் இருந்தன. "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் என் கழுத்தப் பாக்கத் தோணிச்சா?" என்றாள். 

பெட்டி எஸ்டேட்டுக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள், குளிரிலிருந்து சூட்டுக்கு வந்த துண்டில் ஒரு தங்கக் கம்பி விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றவைக்க ஆசிரியை வேண்டும். அவர் ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். வகுப்பு எடுப்பார், மணி அடித்ததும் ரயிலுக்குப் போய்விடுவார்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. அட்டெண்டர் அன்று மாலை ரயிலில் நெமிலிச்சேரியில் இறங்குவதற்குள் எல்லாருக்கும் கதையைச் சொல்லி முடித்திருந்தார். அந்த ரயில் பெட்டியில் குவார்ட்டர்ஸ்காரர்கள் இருந்தார்கள். மிஷின் தாலியை இழுத்தது என்று புறப்பட்ட கதை, அம்மாள் தாலியைக் கழற்றி மிஷினுக்குப் போட்டார் என்று ஆவடியில் போய் இறங்கியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்துக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கணவர் நாற்காலி போட்டார். மாமியார் கதவை ஒட்டி நின்றுகொண்டார். ஆசிரியை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் காந்தப்புலத்தையும் இரும்பையும் பற்றிப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கைத்தான் இழுத்தது என்றேன்.

"ஊக்கோ எதுவோ சார்," என்றார் மாமியார். "பங்குச் சாமியார் மந்திரிச்சுக் குடுத்த தாலி. எம்மவன் இருக்கும்போது அத இவ கழட்டலாமா? குவார்ட்டர்ஸ் லைன்ல அம்புட்டு பேரும் பேசுதாவ."

"கழற்றாமல் இருந்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும் அம்மா."

"ஒடையட்டுமே. கண்ணாடி கடைல கெடைக்கும்லா."

"அந்தத் துண்டு கிடைக்காது."

"அப்ப துண்டுக்காவத்தான் கழட்டுனாளா?"

 உண்மை அதுதான். கணவர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "கொஞ்ச நாள் போகட்டும் சார். நானே சொல்லி அனுப்புறேன். இப்ப அனுப்பினா வீட்ல நிம்மதி இருக்காது." நல்ல மனிதர். ஆனால் ஜூன் மாதத்திடம் நான் அப்படிச் சொல்ல முடியாதே.

நானே பற்றவைத்துப் பார்த்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றேன். மூன்று முறை கம்பி வழுக்கியது. நான்காவது முறை ஒட்டியது. ஒட்டிய கம்பியின் வளைவைச் சரிசெய்யலாமென்று இடுக்கியால் தொட்டேன். துண்டு ஓரத்திலிருந்து இரண்டாக விண்டது. பட்டையின் குறுக்கே சரியாக.

ஆய்வேட்டை ஜூனில் கொடுத்தேன். நான்கு அத்தியாயங்களும், பதின்மூன்று புள்ளிகள் கொண்ட ஐந்தாவதும். வாய்மொழித் தேர்வுக்குக் கல்லூரியிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பெண்கள் மட்டும் பதினான்கு பேர். ஆசிரியையும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு புள்ளி எறங்கினா எறக்கம்னு சொல்ல முடியுமா? அளக்கறதுல வந்த பிசகாகவும் இருக்கலாமே. புலத்தோட திசையைத் திருப்பி வெச்சும் அளக்கல. ஏன் நடுவுல நின்னுது?"

"அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன் சார். அயலிரும்பு புலத்தில் நுழைந்துவிட்டது."

"ஆய்வகத்துல ஏது அயலிரும்பு? எந்த மாதிரி இரும்பு?"

 வேறு சொல் எதுவும் இல்லை. "ஊக்கு சார்," என்றேன்.

அந்த நொடியில் அறையிலிருந்த பெண்களில் பதினொரு பேரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தேர்வாளர் அதைப் பார்க்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கிவிட்டால் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். முதல் நான்கில் புதிதாக ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் நான் டாக்டர் ஆனேன்.

எல்லாரும் பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு ஆசிரியை என்னிடம் வந்தார்.

"ரெண்டு புள்ளி இல்ல சார். மூணு."

"என்ன மூணு?"

"அன்னிக்கு நீங்க அடுத்ததுன்னு சொல்லிக் குமிழத் திருப்பினீங்கல்ல. மீட்டர்ல எண் நிலைச்சு நின்னுருச்சு, நான் பாத்துட்டேன். பதின்மூணாவதுக்கும் கீழ. நல்லாவே கீழ. அதுக்கப்புறந்தான் குனிஞ்சு ஊத்தப் போனேன்."

"ஏன் சொல்லலை?"

"வாயத் தொறந்தேன். நீங்க அசையாதீங்கன்னு கத்தினீங்க."

"வீட்டுக்கு வந்தேனே. அன்று சொல்லியிருக்கலாமே."

"அத்தை கதவோரமா நின்னாங்க சார். காந்தத்தப் பத்தி நானும் ஒரு வார்த்த பேசினா அன்னிக்கு வீடு என்ன ஆயிருக்கும்?"

"சரி, எண் என்ன? அதைச் சொல்லுங்கள்."

அவர் தரையைப் பார்த்தார். "எண் ஞாபகம் இல்ல சார். கீழன்னு மட்டும் தெரியும்."

எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர் போய்வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். ஆராய்ச்சிக்கு அவர் பதிவு செய்யவே இல்லை.

அந்த வரைபடத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். பதினான்காவது புள்ளிக்கு உரிய புலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். குமிழைத் திருப்பியவன் நான்தானே. தாளில் அந்த இடத்திலிருந்து மெல்லியதாக ஒரு செங்குத்துக் கோடு போட்டிருக்கிறேன். பதின்மூன்றாவது புள்ளியின் மட்டத்துக்குக் கீழே அந்தக் கோட்டில் பத்தொன்பது சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் அன்று சுவரைப் பிடித்து நடந்தன. அந்தப் பத்தொன்பதில் ஏதோ ஒன்றில் புள்ளி இருக்கிறது. எதில் என்று தெரியாமல் பென்சிலால்கூட வைக்க முடியாது.